செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வேண்டும்

பொள்ளாச்சி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் இல்லாமல் பால்கனி வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறதென்று பாதியில் நிறுத்தியவர்கள் படுகிற பாட்டை நிறையப் பார்த்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். தென்னையை வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை, ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து கிடக்கிறது. இளநீர் விலை பரவாயில்லை என்பதால் எப்படியோ ஓடுகிறது. சின்னவளுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மார்கழியில் அண்ணன் நினைவு நாள் வருகிறது, அன்றைக்கு எங்கள் வலி தணிப்பு இல்லத்தில் இருக்கிற எல்லாருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு போட எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் ஒளிவுமறைவு எதற்குப் புள்ள, சாப்பாடு வேண்டாம்.

எங்கள் இல்லத்தில் பத்துக் கட்டில். இன்றைய கணக்கில் மூன்று பேருக்கு மூக்கு வழியாக டியூப். இரண்டு பேருக்கு வாயில் புற்று, கஞ்சித் தண்ணியும் பாலும்தான் இறங்கும். மீதிப் பேர் அரை இட்லி சாப்பிட்டால் அன்றைக்கு நர்ஸ் முகத்தில் சிரிப்பு. அமாவாசையன்று மட்டும் வாசலில் மூன்று வண்டி நிற்கும், மூன்றிலும் சாம்பார் பாத்திரம். கொண்டு வருகிறவர்கள் மனசு பொன்னானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வடையைச் சாப்பிடக்கூடியவர்கள் ஆயாக்களும் கூட இருக்கிற சொந்தக்காரர்களும்தான். அமாவாசை போனதும் தெரு வெறிச்சோடிவிடும்.

இது ஆஸ்பத்திரியா, முதியோர் இல்லமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை. "இனிமேல் வைத்தியம் இல்லீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வருகிற இடம். கூட்டிப் போவதற்கு வீடு வேண்டுமே! ஒற்றை அறை வாடகை வீடு, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். பகலில் யார் பக்கத்தில் உட்காருவது? புண்ணிலிருந்து நாற்றம் வந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். இப்படி வலி தணிக்கிற பராமரிப்புத் தேவைப்படுகிறவர்கள் உலகத்தில் வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் அது கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்கு. வருகிற எல்லாரும் இங்கேயே முடிந்துபோகிறவர்கள் என்று நினைக்காதே. வலியும் மூச்சுத்திணறலும் அடங்கி, தம் வீட்டுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஏற்பாடு இருப்பதால், அப்படிப் போகிறவர்களை அவர்கள் கையில் ஒப்படைக்க முடிகிறது.

வைத்தியத்தின் பங்கு பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மார்ஃபின் என்கிற வலி மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி தலைதூக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அது மலத்தை இறுக்கும் என்பதால் கூடவே இளக்குகிற மருந்தும் உண்டு. புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறார்கள். சில நாளில் நாற்றம் அடங்குகிறது. அடங்கியதும், வாசற்படியோடு நின்ற பேரன் கட்டிலில் ஏறி உட்காருகிறான். எவ்வளவு மலிவான மாத்திரை தெரியுமா அது! மார்ஃபினும் விலை அதிகமில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல காலம் அது கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. மார்ஃபின் ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்கிற பயம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படியில்லை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டரும் நர்ஸும் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். மீதி ஊர் செய்ய வேண்டியது.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை இல்லையா, அன்றைக்குக் காலையில் ஒருவர் தம் பெட்டியோடு வருவார். ஆண்களுக்கெல்லாம் சவரம், முடி வெட்டு. முகத்தின் ஒரு பக்கம் புண்ணாக இருக்கிறவருக்கும் இன்னொரு பக்கத்தைப் பதமாக மழித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டுவார். ரொம்ப நாளாகக் கண்ணாடி பார்க்காத மனுஷர்கள் அவர்கள். தையல்கடை அக்கா ஒருவர் கையைத் தூக்க முடியாதவர்களுக்காக முன்பக்கம் முழுசும் திறக்கிற மாதிரி நைட்டி தைத்துத் தருகிறார். மார்பு ஆபரேஷன் ஆன பக்கம் கையைத் தாங்கி வைக்கச் சின்னத் தலையணையும் அவர் கைவேலைதான். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறார். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிற ஆட்டோ ஒன்று உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் துணி மடிக்கிறார்கள், பேப்பர் படித்துக் காட்டுகிறார்கள். யாரும் உரிமை கொண்டாடி வராத உடலை எடுக்கும்போது கோயில்காரர்களும் ஜமாத்தும் சர்ச்சும் அவரவர் முறைப்படி முன்நின்று முடித்துக் கொடுக்கிறார்கள்.

நான் வாரத்தில் இரண்டு நாள் மதியம் போகிறேன். நகம் வெட்டுவேன், தலை வாரிவிடுவேன், சும்மா உட்கார்ந்திருப்பேன். முதலில் பயிற்சி கொடுத்தார்கள். எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் அதில் பாதி. "எல்லாம் சரியாயிடும்" கூடாது. "கடவுள் சோதிக்கிறார்" கூடாது. தெரிந்த நாட்டு வைத்தியரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அவர்கள் கேட்காமல் ஜெபமும் மந்திரமும் கூடாது. போட்டோ எடுப்பது அறவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு.

ஒன்று சொல்கிறேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், எங்கள் விதி. ஓர் அம்மா வந்திருந்தார்கள். கருப்பைவாய்ப் புற்று, எலும்பு வரை போய்விட்டது. மார்ஃபின் அளவைக் கூட்டியும் ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாது. விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நர்ஸ் கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் வலி என்கிற ஒரே பதில்தான். எங்களோடு வருகிற ஒரு பெண் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தார்கள். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு நாலு தவணை பாக்கி. தான் போய்விட்டால் மற்றவர்கள் தலையில்தான் விழும். "எம்பட கடனை அவிய கட்டோணும்ல கண்ணு, நான் எந்த மூஞ்சியோட போவேன்?" அந்தப் பெண் அடுத்த நாளே குழுத் தலைவியைப் போய்ப் பார்த்தாள். அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கட்டுவதென்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். இதை எப்படி நேரில் சொல்வது என்று தெரியாமல்தான் பார்க்க வராமல் இருந்திருக்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் பஸ் ஏறி வந்தார்கள். அன்று ராத்திரி அந்த அம்மா தூங்கினார்கள். மருந்து அதே அளவுதான்.

இந்த வகைப் பராமரிப்புக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதை அறுபதுகளிலேயே சொல்லியிருக்கிறார். உடம்பு, மனசு, குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் சாகிறவரின் வலி, ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வைத்தியம் பார்க்க முடியாது என்று. நர்ஸாக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு படித்து டாக்டரானவர். 1948-ல் லண்டனில் அவர் கவனித்துக்கொண்ட போலந்து அகதி ஒருவர், நீங்கள் கட்டப்போகிற வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுன் விட்டுவிட்டுச் செத்தார். அந்த அம்மையார் கட்டிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் 1967-ல்தான் திறந்தது. கட்டடம் எழுவதற்கு 19 வருஷம் முன்பே முதல் நன்கொடை, அதுவும் ஒரு நோயாளியிடமிருந்து வந்திருக்கிறது என்பது என்னை ரொம்பவே அசைத்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கோழிக்கோடு இருக்கிறது. எங்கள் ஆட்களோடு சேர்ந்து நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு அங்கே மருத்துவக் கல்லூரியில் இந்தப் பராமரிப்பை ஆரம்பித்தார்கள். கொஞ்ச வருஷத்தில் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தொண்டர்களுக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதன்பிறகு நர்ஸோடு நாலு நாள் வீடு வீடாகப் போய்ப் பழகுவது. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்கக் காசு இருக்கிறதா, அரிசி இருக்கிறதா என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பணமும் பெரிய மனிதர் ஒருவரிடமிருந்து வருவதில்லை. கடைகளில் உண்டியல் வைத்து, பஸ் ஊழியர்களும் மாணவர்களும் சில்லறையாகச் சேர்ப்பது. மக்கள் இவ்வளவு தூரம் இழுத்து வந்த பிறகு, 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. ஜனவரி 15-ஐ வருஷாவருஷம் வலி தணிப்புப் பராமரிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே அந்த நிலைமை வரவில்லை. ஆரம்பத்தில் இல்லத்துக்கு வீடு பார்த்தபோது, சாவு வீட்டைக் கொண்டுவந்து தெருவில் வைக்கிறீர்களே என்று சண்டைக்கு வந்தார்கள். பெரியவர் ஒருவர் தம் பூர்வீக வீட்டைக் கொடுத்ததால் தப்பித்தோம். அன்றைக்கு ரொம்பச் சத்தம் போட்ட வீட்டிலிருந்து இப்போது காலையில் பால் வருகிறது. அந்த வீட்டு அம்மாவின் அண்ணன் கடைசி மூன்று வாரம் இங்கேதான் இருந்தார். சொந்தத்தில் ஒருவர் படுக்கிற வரைக்கும் ஊர் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொண்டர்கள் நிறையப் பேர் வருகிறார்களே, ஆயாக்களில் ஒருவரைக் குறைத்தால் என்ன என்று கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதைச் செய்வது ஆயாதான், நானில்லை. மலஜலம் எடுக்கிற அந்தக் கைகளுக்கு முதல் தேதி சம்பளம் போயாக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நன்கொடை கொடுக்கிறவர்கள் கட்டில் வாங்கித் தருகிறார்கள், பேர் எழுதிய ஃபேன் தருகிறார்கள், கல்வெட்டும் வைக்கிறார்கள். சம்பளத்துக்குக் கொடு என்றால்தான் தயங்குகிறார்கள்.

ஆகவே அண்ணன் நினைவு நாளுக்கு நீ வைத்திருக்கிற பணத்தை ராத்திரி ஆயா சம்பளக் கணக்கில் போடு. மொத்தமாக வேண்டாம், மாசாமாசம் கொஞ்சமாக வந்தால் கமிட்டி நம்பித் திட்டம் போடலாம். ரசீது அனுப்பச் சொல்கிறேன்.

கால் நன்றாக ஊன்றியதும் உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பெங்களூரிலேயே மாரத்தஹள்ளி பக்கம் கருணாஸ்ரயா என்று இதே மாதிரி ஓர் இல்லம் இருக்கிறது, 1999-லிருந்து நோயாளிகளிடம் காசே வாங்காமல் நடக்கிறது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போ. தமிழ் பேச ஆள் தேவைப்படும் என்றே நினைக்கிறேன், ஓசூர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜனங்கள் வைத்தியத்துக்கு அங்கேதானே வருகிறார்கள். நம் ஹாஸ்டல் நாட்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நீதான் ராத்திரி கண்விழிப்பாய். உனக்கு இது புதுசா என்ன? ஆனால் கிழமையைத் தீர்மானித்துக்கொண்டு போ. தோன்றுகிறபோது போகிறவரை எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாறுவது அவர்களுக்கு இன்னொரு வலி.

உன் பீரோவில் பழைய பருத்திச் சேலை இருந்தால் எடுத்து வை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக, சாயம் போகாததாக இருக்கட்டும். ஜரிகை வேண்டாம், தோலில் உரசும். மடித்துக் கட்டிலில் விரிக்கவும் கிழித்துப் புண் துடைக்கவும் அதைவிட நல்லது கிடையாது. தீபாவளிக்குப் பையன் கோவை வருகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அவனிடம் கொடுத்தனுப்பு. நான் காந்திபுரத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். பெரியவர்கள் போடுகிற டயப்பர் பெங்களூரில் மொத்த விலையில் கிடைத்தால் எல் அளவில் என்ன விலை என்றும் விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி