பேர் மாத்தாத வண்டிக்கு யாரு இன்சூரன்ஸ் போடுவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இன்சூரன்ஸ் இல்லாத வண்டிங்கள புடிக்க சோதனைய இன்னும் கடுமையாக்கணும்னு உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க. தஞ்சாவூர் கும்பகோணம் மெயின் ரோட்டுல நின்னு எத்தனை வண்டியத்தான் நிறுத்திப் பாப்பாங்க சார், அந்த மாதிரி வண்டி மெயின் ரோட்டுக்கு வர்றதே கம்மி, அது வாய்க்கா கரையிலயும் படுகை ரோட்டுலயும்தான் ஓடுது, வயலுக்கு, நெல்லு கொள்முதல் நிலையத்துக்கு, டீக்கடைக்கு. அங்க எந்த போலீஸ் நிக்கிறாங்க?

சட்டம் என்னமோ தெளிவாத்தான் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146வது பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்குறது) இல்லாம ரோட்டுல வண்டி எடுக்கக்கூடாது, மாட்டுனா 2000, மறுபடி மாட்டுனா 4000, மூணு மாசம் வரைக்கும் ஜெயில்கூட போடலாம். ஆனா 2022ல வச்ச ரேட்டுப்படி 100, 125 சிசி பைக்குக்கு வருசத்துக்கு 714 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதனால காசு இல்லாமத்தான் போடலன்னு சொல்றத நான் நம்ப மாட்டேன்.

விசயம் வேற எடத்துல இருக்கு. 2018 செப்டம்பர்லேர்ந்து புது டூவீலர் வாங்குறப்பவே அஞ்சு வருசத்துக்கு தேர்ட் பார்ட்டி சேத்து போட்டுடுறாங்க, அது முடியறதுக்குள்ள வண்டி ரெண்டு கை மாறிடுது, ஆர்சி புக்குல மட்டும் மொதல்ல வாங்குனவர் பேரே இருக்கு. எந்த வண்டிக்கு என்னைக்கு இன்சூரன்ஸ் முடியுதுன்னு வண்டிப் பதிவு விவரமெல்லாம் இருக்குற அரசாங்கத்தோட ‘வாகன்’ கம்ப்யூட்டர்ல தெரியும், ஆனா நோட்டீஸ் அனுப்புனாலும் அது வித்த ஆளுக்குத்தான் போகும். வாங்குனவன், வித்தவர் கையெழுத்து போட்டுக் குடுத்த 29, 30 ஃபார்ம (பேர் மாத்துறதுக்கான ஃபார்ம்) பீரோவுல வச்சுட்டு ஜாலியா ஓட்டிட்டு இருப்பான்!

வித்தவங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். ஆர்சில யாரு பேரு இருக்கோ அவங்கதான் ஓனர், நஷ்டஈடும் அவங்க பொறுப்புதான்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிடுச்சு. அடிபட்டவங்க கதி அதவிட மோசம். அடிச்சுட்டு ஓடிப்போன வண்டி எதுன்னே தெரியலன்னா உயிர் போனதுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000ன்னு அரசாங்கத் திட்டத்துல கிடைக்கும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி அடிச்சுட்டு ஓடிப்போகாம அங்கயே நின்னுட்டா அதுவும் கிடையாது, கேஸ் நடத்தி ஜெயிச்சாலும் நூறு நாள் வேலைக்குப் போறவர்கிட்ட லட்சக்கணக்குல எப்படி வசூல் பண்றது?

அதனால சம்பா அறுப்பு முடிஞ்சு கையில காசு பொரளுற மாசி மாசத்துல ஊராட்சி ஆபீஸ்லயே ஆர்டிஓ ஆளுங்க உக்காந்து பேர் மாத்துற கேம்ப் போடட்டும், லேட் ஃபீஸ அன்னைக்கு ஒரு நாள் தள்ளுபடி பண்ணட்டும், பக்கத்து டேபிள்லயே இன்சூரன்ஸும் போட்டுடலாம். பழைய வண்டி வாங்கி விக்கிற புரோக்கருங்களையும் அதுக்கு வரச் சொல்லணும், பாதி ஃபார்ம் அவங்க கையிலதான் இருக்கு.

இப்படிக்கு,
பாபநாசம் தாலுக்கா வாசகர்