தொந்தரவு தராத பிள்ளையின் வயிற்றுவலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அடிதடியில் இறங்கும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் அறையில் அன்றாடம் பேசியிருக்கிறோம்; வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி ஒருநாளும் பேசியதாக நினைவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். திங்கட்கிழமைகளில் காலை வழிபாடு முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். ஓமத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவே, மட்டம் போடப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினோம். கணக்கு நோட்டில், முதலில் எழுதிய விடை சரியாக இருந்தும், தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதியிருப்பாள். நானோ "சுத்தம் தேவை" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். அவளை வளர்த்த பாட்டி இறந்து ஐந்து மாதமாகியிருந்ததைச் சத்துணவு அமைப்பாளர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். தட்டில் முட்டை தொடாமலே திரும்பி வருவதைக் கவனித்து, அவர்தான் அவளிடம் தனியே விசாரித்திருக்கிறார்.

துயரத்தையும் அச்சத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறுவர்களிடம் அவை உடல்வலியாக வெளிப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. பிரிட்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பக்கூடிய 25 வினாக்களில், உணர்வுச் சிக்கலுக்குரிய ஐந்தில் முதலாவதே குழந்தை அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறதா என்பதுதான். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் கண், பல், ரத்தசோகை பார்ப்பதோடு இத்தகைய நாலைந்து வினாக்களையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு, தேவைப்படும் பிள்ளைகளை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களிடம் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரே கிழமையில் விழும் விடுப்புகளைப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அரசின் இலவச மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416ஐப் பள்ளிச் சுவரில் எழுதுவது நல்லதே. ஆனால் வகுப்பிலேயே பேசாத பிள்ளை தொலைபேசியில் பேசிவிடுமா? பெற்றோரோ ஆசிரியரோதான் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும். கூச்சம் போகட்டும் என்று இத்தகைய பிள்ளைகளை மேடையேற்றிக் குறள் சொல்லச் சொல்வதையாவது (நானும் செய்திருக்கிறேன்) உடனே நிறுத்தலாம்.

அந்த மாணவியைத் திங்கட்கிழமைகளில் முதல் அரைமணி நேரம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளருடன் இருக்கவிட்டோம். முட்டைகளை எண்ணி வைத்துவிட்டு, தானாகவே வகுப்புக்கு வருவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்