ஒரு தடவையாவது அந்தக் குண்டைச் சுற்ற விடுங்கள்

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையை வகுக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

திண்மக் கோளத்தின், அதாவது ஒரு உலோகக் குண்டின், நிலைமத் திருப்புத்திறன் காணும் சோதனை உங்களுக்கே தெரியும்; குண்டைச் சுழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கான அளவுதான் அது. போன வாரம் என் மகள் அதைச் செய்துவிட்டு வந்தாள். "குண்டை எப்படிம்மா சுத்தி விட்டீங்க?" என்று கேட்டேன். "சுத்தவே இல்லப்பா" என்றாள்.

விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவியின் தாடைக்குள் குண்டைப் பிடித்து, முதன்மைக்கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு எல்லாம் குறித்து, விட்டத்தைப் பாதியாக்க வேண்டுமாம். நிறையைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் ஐந்தில் இரண்டு பங்கு எடுத்தால் விடை. அந்த ஐந்தில் இரண்டு எங்கிருந்து வந்தது? "புக்ல இருக்குப்பா." ஆக, சுழற்சியைப் பற்றிய அந்தச் சோதனையில் சுழன்றது மேலே மாட்டியிருந்த ஃபேன் மட்டும்தான்.

நான் டயர்க் கடை வைத்திருப்பவன். அன்று சாயங்காலம் ஒரு காரின் வீல் நட் இறுகிக் கிடந்தது. மகளிடம் ஸ்பேனரைக் கொடுத்தேன். நட்டை ஒட்டியே பிடித்துத் தம் கட்டி இழுத்தாள்; முகம் சிவந்ததுதான் மிச்சம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எங்கள் மெக்கானிக் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, நுனியில் கை வைத்தார். கழன்றுவிட்டது. அப்புறம் மகளே நோட்டில் கணக்குப் போட்டாள்: 25 செ.மீ. தூரத்தில் 400 நியூட்டன், 50 செ.மீ. தூரத்தில் 200 நியூட்டன், இரண்டிலும் திருப்பு விசை 100 நியூட்டன் மீட்டர். ஒரு பிழை இல்லை. கணக்கு தெரிந்தும் ஸ்பேனரை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை; எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

வெர்னியர் இருக்கட்டும், சூத்திரமும் இருக்கட்டும். கூடவே எதையாவது சுற்ற விடுங்கள். சாய்த்து வைத்த பலகையில் கேரம் ஸ்ட்ரைக்கரையும் வளையலையும் விளிம்பில் நிறுத்தி உருட்டினால், எது கனமாக இருந்தாலும் ஸ்ட்ரைக்கர்தான் முந்தும். வளையலுக்கு நிறை முழுக்க விளிம்பில் இருப்பதால் அதைச் சுழல வைப்பது கஷ்டம். இதற்கு டெண்டர்கூட விட வேண்டாம். ஒருவேளை நீட் தேர்வில் வளையலைக் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டீர்களோ? ஆய்வகம் என்று போர்டு மாட்டிய அறையில் பாதி நாள் பூட்டுத்தான் தொங்குகிறது. சரி, அது வேறு கதை.

அடுத்த செய்முறை ஏடு அச்சுக்குப் போகும் முன், ஒரே ஒரு சோதனையிலாவது ஏதாவது சுழலும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். மகள் பள்ளிக்குப் பலகையை நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயர்க் கடைக்காரன்