சேடல் வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

மரத்தில் கயிற்றால் தொங்கியபடி உட்கார்ந்து வேட்டையாட உதவும் இடுப்புப் பட்டையான சேடலை வாங்கிவிட்டாய் என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. செப்டம்பரில் வில்லால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கியதும், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆற்றை ஒட்டியிருக்கும் லோயர் விஸ்கான்சின் ஸ்டேட் ரிவர்வே பக்கம் போகப் போகிறாயாம். அருமையான இடம். பிரெய்ரி டு சாக் அணையிலிருந்து மிசிசிப்பி வரை 92 மைல், ஆற்றுப் படுகையும் மேட்டு ஓக் காடும் சேர்ந்தே வரும். நம் ஆட்கள் இன்னும் சிலரும் இதைப் பற்றிக் கேட்பதால் உனக்குச் சொல்வதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கொல்லைப்புறத்தில் நின்று அம்பு விட்டுப் பழகியதை மட்டும் நம்பி மரம் ஏறாதே. சேடலில் சாய்ந்தபடி எய்து பழகிய பிறகு போ. நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

நீ ஏன் சேடலுக்கு மாறினாய் என்று புரிகிறது. அங்கே மாநில நிலத்து மரங்களில் ஆணியோ திருகுப் படியோ இறக்கக் கூடாது. மரத்தில் மாட்டி உட்காரும் ஸ்டாண்டையும் அன்றன்றே கழற்றி எடுத்து வர வேண்டும். தினமும் இரும்பைச் சுமப்பதற்கு இடுப்புப் பட்டை, மரம் ஏற நாலு ஸ்டிக், கால் வைக்கக் கையகலப் பிளாட்ஃபாரம், இரண்டு கயிறு என்று கிளம்புவது எவ்வளவோ மேல். காற்று திரும்பினால் வேறு மரத்துக்கும் போய்விடலாம்.

ஆனால் சேடலில் நீ மரத்தைப் பார்த்தபடி இருப்பாய். வலக்கைக்காரனான உனக்கு இடப்பக்கம் வரும் மான் சுலபம். வலப்பக்கம் வந்தால் மரத்தைச் சுற்றி நகர வேண்டும், இல்லையென்றால் வில்லை, சேடலை மரத்துக் கயிற்றோடு இணைக்கும் பிரிட்ஜ் கயிற்றுக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். வில்லின் கீழ்ச் சக்கரம் முழங்காலிலோ கயிற்றிலோ உரசினால் அம்பு எங்கேயோ போகும். இதையெல்லாம் மான் முன்னால் நிற்கும்போது கற்றுக்கொள்ள முடியாது. பிளாட்ஃபாரத்தைத் தரையிலிருந்து இரண்டடியில் கட்டு. நவம்பரில் போடப்போகிற தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள். நாலு பக்கமும் எய்து பார். கீழ்நோக்கி எய்யும்போது கையைத் தாழ்த்தாதே, இடுப்பிலிருந்து குனி.

அப்புறம் உயரம். முப்பது அடி ஏறினேன் என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பதினைந்து, பதினெட்டு அடி போதும். உயரம் கூடக் கூட, மான் மரத்தடிக்கு நெருங்க நெருங்க அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கும். அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் ஓடி, யார் கைக்கும் கிடைக்காமல் வதைபடும். பக்கவாட்டிலோ, சற்றே நமக்கு முதுகு காட்டியோ நின்றால் மட்டும் எய். மற்றபடி போக விடு.

கால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்ப இறங்கும்வரை ஏதாவது ஒரு கயிறு உன்னையும் மரத்தையும் பிணைத்திருக்க வேண்டும். ஏறும்போது, மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் லைன்மேன் கயிறு. மேலே போனதும், சேடலைத் தாங்கும் டெதர் கயிற்றை மரத்தில் தலை உயரத்துக்குக் கட்டி, காரபினர் கொக்கி பூட்டிக்கொண்டதா என்று பார்த்து, உன் முழு எடையையும் அதில் கொடு. அது தாங்கிய பிறகுதான் லைன்மேன் கயிற்றை அவிழ்க்க வேண்டும். டெதரில் எப்போதும் தொய்வு கூடாது. வில்லைச் சிறு கயிற்றால் கடைசியில் மேலே இழுத்துக்கொள்.

காற்றைப் பற்றி உனக்கே தெரியும். அந்த மேடுகளில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலேறும், சாயங்காலம் பள்ளத்துக்கு இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வை.

எய்ததும் இறங்கி ஓடாதே. இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறு. அடர் சிவப்பு ஈரலாக இருக்கலாம், நாலு மணி நேரமாவது வேண்டும். அம்பில் பச்சைக் கறை இருந்து நாற்றம் அடித்தால் குடல், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திரு.

கிடைத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிடு. விஸ்கான்சினில் மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2002-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. நீ போகிற தெற்குப் பகுதியில்தான் அது அதிகம். அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடு. முடிவு வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில் இருக்கட்டும், யார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பாதே. நோய் இருந்தால் மனிதருக்குப் பரவியதாக இதுவரை தெரியவில்லை என்றாலும் சாப்பிடாமல் விடுவதே சரி.

சனிக்கிழமை வில்லோடு வீட்டுக்கு வா. பின்பக்க மேப்பிள் மரத்தில் பிளாட்ஃபாரத்தைக் கட்டி வைக்கிறேன். ஜாக்கெட்டை மறக்காதே.

அன்புடன்,
அண்ணன்