ஏலக்கூடத்துக் கூடையைப் பின்தொடர்ந்து வாருங்கள்: பாக் நீரிணைத் திட்டத்தை வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் டெல்லியிலும் இருந்து பாக் நீரிணை மீன்பிடிப்புக்குத் திட்டம் வரையும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். என் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். நான் கடலுக்குப் போகவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதினேன். எந்தப் படகு எவ்வளவு கொண்டுவந்தது, டீசலும் ஐஸும் போக என்ன மிஞ்சியது, யாருக்கு யார் பாக்கி என்பதெல்லாம் என் பேரேட்டில்தான் ஏறும். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் திட்டத்தையும் படித்தேன். அதில் பலருடைய பெயர் ஏறவே இல்லை.

2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் கையால் பயனாளிகளுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைமடிப் படகுகளை, அதாவது பை போன்ற மடிவலையைக் கடலடியில் இழுத்துப் போகும் விசைப்படகுகளை, விலக்கிவிட்டு, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளைக் கொடுப்பது என்று முடிவானது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20 விழுக்காடு, மீதி 10 விழுக்காடு உரிமையாளர் கைக்காசு. இரண்டாயிரத்தை 80 லட்சத்தால் பெருக்கினால் 1,600 கோடி வருகிறது. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் கடந்தபோது கடலில் இறங்கியிருந்தவை சில பத்துப் படகுகள்தாம்.

திட்டத்தின் நோக்கம் தவறு என்று நான் சொல்லவே இல்லை. இழுவைமடி கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு போகிறது. மீன் முட்டையிடும் இடமும் குஞ்சு வளரும் கடற்புல்லும் அதோடு போகின்றன. அது நின்றாக வேண்டும் என்று என் அப்பாவே கடைசிக் காலத்தில் சொன்னார். நோக்கம் சரியாக இருந்தும் காரியம் ஏன் நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. பணம் போதாது, கோவிட் வந்தது, வங்கி இழுத்தடித்தது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதல் தவறு அதற்கெல்லாம் முன்பே நடந்துவிட்டது. இந்த மாற்றத்தால் யார் பெறுவார், யார் இழப்பார், யாரால் இதை நிறுத்த முடியும், யாருடைய மனம் எதைக் கொடுத்தால் மாறும் என்று ஆள் ஆளாகக் கணக்கெடுக்காமலேயே படகுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் கோப்புகளில் இதற்குப் ‘பங்குதாரர் பகுப்பாய்வு’ என்று பெயர் இருக்கிறது. எங்கள் கரையில் பங்கு என்றால் கடலிலிருந்து வந்ததைப் பிரித்துக்கொள்வது. செலவு போக மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, ஓட்டுநருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டுத்தான் பேரேட்டை மூடுவோம். ஒருவன் பங்கை மறந்து மூடினால் மறுநாள் அந்தப் படகுக்கு ஆள் வராது. அதே கண்டிப்போடு நீங்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எங்கள் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் கடலுக்குப் போய் மறுநாள் விடியலில் திரும்பும். மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரு தரப்பும் மோதி, உயிர்கள் போய், பிறகு பேசி உண்டாக்கிய ஏற்பாடு அது. ஆக செவ்வாய் பத்து மணிக்கு விசைப்படகு ஆட்கள் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அல்லது இரவெல்லாம் விழித்த களைப்பில் தூங்கப் போயிருந்தார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் புறப்படும் வேலையில் இருந்தார்கள். பெண்கள் ஏலக்கூடத்தில். கூட்டத்துக்கு வந்தவர்கள் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர்கள் சிலரும் அலுவலர்களும் மட்டுமே. பின்வரிசைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து எடுக்கவே இல்லை. குறிப்பெழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘அனைத்துத் தரப்பினரும் கலந்துகொண்டனர்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்த வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அனைத்துத் தரப்பினரும் யார் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கூடையைப் பின்தொடர்ந்து வாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் படகு அணைகிறது. கூடையை இறக்கும் நான்கைந்து பேர் படகுக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். பலர் உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியவர்கள். அதை அடைக்கும்வரை வேறு படகுக்கு மாற முடியாது. கரையில் கொட்டியதும் பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி. விரல் நுனி வெந்து வெளுத்திருக்கும். அந்தக் கையால்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்க வேண்டும். இறாலை எடுக்க ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் நிற்கிறார். அவருக்குப் பின்னால், படகு உரிமையாளருக்கே கடன் கொடுத்து ‘பிடிப்பதை எனக்குத்தான் தர வேண்டும்’ என்று கட்டிப்போட்டிருக்கும் வியாபாரி. ஐஸ் கம்பெனிக்காரர், டீசல் பங்க், தச்சர், வலை பொத்துபவர். எல்லாம் போன பிறகு தரையில் குவியலாகக் கிடப்பது சங்காயம்: விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள், எதற்கும் ஆகாதவை என்று தள்ளப்பட்டவை. அவையும் வீணாவதில்லை. கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டுபோக லாரி வந்துவிடும். நாளைக்கு நாட்டுப்படகுக்காரன் பிடித்திருக்க வேண்டிய மீன் அது.

ஒரு கூடைக்குப் பின்னால் இத்தனை பேர். இவர்களில் 2017 திட்டம் யாரிடம் பேசியது? பழைய விசைப்படகை ஒப்படைத்தால் புதிய படகு என்பது நிபந்தனை. ஒப்படைக்கப் படகு இல்லாத கூலி மீனவருக்கு அதில் வாசலே இல்லை. மீன் பிரிக்கும் பெண்ணுக்கு ஒரு வரியும் இல்லை. சூரை முழுசாக ஐஸில் போட்டுப் போகும் மீன். அதில் பிரிக்க என்ன இருக்கிறது? உரிமையாளருக்கும் கணக்கு உதைத்தது. கையில் 8 லட்சம் வேண்டும், 16 லட்சம் கடன் வேண்டும். ஏற்கெனவே வியாபாரியிடம் கட்டுண்டவர் அந்தக் கடனை எங்கே வைப்பார்? பாக் நீரிணையில் பெரும்பாலான இடம் 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அங்கே இரவில் போய்க் காலையில் திரும்பிப் பழகிய ஆளிடம், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கு என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு அது பரம்பரைத் தொழில். எங்கள் ஆட்களுக்குப் புதுத் தொழில், புதுக் கடல், வீட்டை விட்டுப் புது வாழ்க்கை.

இங்கே பலத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் சங்கம் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றால் தொலைக்காட்சி வருகிறது, ஆட்சியர் கூப்பிட்டுப் பேசுகிறார். எண்ணிக்கையில் அவர்கள் கொஞ்சம். ஆனால் ஒரே குரல். நாட்டுப்படகு மீனவர்கள் கரை நெடுகச் சிதறிக் கிடக்கிறார்கள். நூறு ஊருக்கு நூறு குரல். 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலை அவர்களுக்கென ஒதுக்கியது. அந்தச் சட்டத்தின்படி மூன்று மைலுக்கு அப்பால் போனால், எங்கள் பக்கத்தில் இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு முன்னால் விசைப்படகு மடி போட எவ்வளவு இடம் மிஞ்சும்? ஒன்று கரைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் கோட்டைத் தாண்ட வேண்டும். மாட்டிக்கொண்டு சிறைக்குப் போவது பெரும்பாலும் கூலிக்குப் போனவன். 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள். உயிர் பயம் ஒருவனுக்கு, கூட்டத்தில் நாற்காலி இன்னொருவருக்கு. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் அந்த உரிமையாளர்களில் பலர் என்னோடு படித்தவர்கள், கடனில் மூழ்கியவர்கள். அவர்களையும் எதிரியாக்காமல்தான் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு தரப்பு நம் பட்டியலிலேயே வராது. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மீனவர்கள். போர்க்காலத்தில் கடலே மறுக்கப்பட்டவர்கள். 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். அந்த வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது நம் மடி. நம் படகுகள் வரும் மூன்று இரவுகளில் வலை போடாமல் கரையில் இருந்துவிடுவோரும் அங்கே உண்டு; வாரத்தில் பாதி வருமானம் அதோடு போகிறது. அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. அவர்கள் படும் பாட்டை மேடையில் பேசுகிற நம் கட்சிகள், வலை அறுபடுவதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை, கச்சத்தீவைத்தான் பேசுகின்றன. 2010 ஆகஸ்டில் இருநாட்டு மீனவர்களும் சென்னையில் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஓராண்டில் இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் என்று பேசி முடித்தார்கள். மீனவர்களால் பேச முடிந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க எந்த அரசும் பணமோ ஆளோ வைக்கவில்லை. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது. பேச்சால் முடிந்திருக்க வேண்டியது சிறையில் வந்து நிற்கிறது.

நடக்கவே நடக்காது என்று நினைக்காதீர்கள். கேரளத்தைப் பாருங்கள். எண்பதுகளில் அங்கே நாட்டுப்படகு மீனவர்கள் முதலில் சங்கமாகத் திரண்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், அரசு குழு மேல் குழு அமைத்தது. 1988-இல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தபோது, எதிர்ப்பு மிகவும் பலமாக இருந்த கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்துக்கு முதலில் விலக்குக் கொடுத்து, பிறகுதான் அங்கும் கொண்டுபோனார்கள். முதல் ஆண்டிலேயே எல்லோரையும் ஒரே வீச்சில் எதிர்த்திருந்தால் தடை அந்த ஆண்டே முறிந்திருக்கலாம். இன்று தடைக்காலம் வந்தால் அங்கே படகுத் தொழிலாளருக்கும் சார்ந்த வேலை செய்வோருக்கும் இலவச ரேஷன் போகிறது. தடை முடிந்து கடலில் இறங்கும்போது மீன் கூடுதலாகக் கிடைப்பதை விசைப்படகுக்காரரே கண்ணால் பார்த்தார். யாரை முதலில் சேர்ப்பது, யாருக்கு அவகாசம் கொடுப்பது, யாருக்கு ஈடு கொடுப்பது என்ற வரிசையில்தான் அங்கே காரியம் நடந்தது.

நமக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். ஏலக்கூடத்தில் இருந்தவனுக்குத் தெரியும், எல்லா உரிமையாளரும் ஒரே மனம் இல்லை. படகு பழசாகி, மகன் வெளிநாடு போய், எப்போது விட்டு விலகலாம் என்று காத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் புதிய படகைத் திணிக்காதீர்கள். பழைய படகுக்கும் உரிமத்துக்கும் நியாயமான விலை கொடுத்து வாங்கி உடைத்துவிடுங்கள். கடன் இல்லை, ஆழ்கடல் இல்லை. முதல் ஆண்டில் அவர்கள் விலகினாலே சங்கத்தின் ஒற்றைக் குரல் இரண்டாகும். உடைக்கும் ஒவ்வொரு படகின் விலையிலும் அதில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பங்கு, பேரேட்டில் எழுதுவதுபோல, அவர்கள் கணக்கில் நேரடியாகப் போக வேண்டும். முன்பணக் கடனையும் அதில் தீர்த்துவிடுங்கள். ஆழ்கடலுக்குப் போக உண்மையிலேயே விருப்பமுள்ள இளைஞர்களுக்கு, படகு இல்லாத கூலி மீனவர்களுக்கும் சேர்த்து, தூத்தூர்க்காரர்களோடு ஓரிரு பருவம் போய்க் கற்றுவர ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் படகுகளுக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரில் துறைமுகம் இருக்கிறது. மீன் பிரிக்கும் பெண்களைப் பெயர் பெயராகக் கணக்கெடுங்கள். இன்று எந்தப் பதிவேட்டிலும் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இல்லாதவருக்கு யாரும் ஈடு தருவதில்லை. கடன் கொடுத்த வியாபாரியிடமும் பேசுங்கள். அவர் எதிர்த்தால் உரிமையாளர் மனம் வைத்தாலும் படகு நகராது.

இவற்றில் எது முதலில், எது பிறகு என்பதை நான் மேசையில் உட்கார்ந்து சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. கரையில் உட்கார்ந்து கேட்ட பிறகு சொல்லுங்கள். அதற்கு நாள் பார்த்து வாருங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் விசைப்படகு ஆட்களைப் பார்க்க முடியாது. திங்கள், புதன், சனியில் அவர்கள் கடலில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள். அன்று நாட்டுப்படகுகளின் முறை, ஆனால் பிற்பகலுக்குள் பல வள்ளங்கள் கரையேறியிருக்கும். பள்ளிவாசல் ஊர்களில் ஜும்மாவும் முடிந்திருக்கும். மூன்று மணிக்கு ஏலக்கூடத்து நிழலில் பாய் விரித்து வைக்கிறோம். பெண்கள் முன்னால் உட்காரட்டும். குறிப்பெழுத நான் வருகிறேன். வந்தவர்களின் பெயரை மட்டும் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஏலக்கூடத்தில் கணக்கு எழுதிய ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்