சோமாலியர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த புகலிடக் கோரிக்கைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சோமாலியாவின் தலைநகர் மொகடிஷுவில் இப்போது அரசு இருக்கிறது, அல்-ஷபாப் தீவிரவாத அமைப்பு 2011-லேயே நகரத்தை விட்டுப் பின்வாங்கிவிட்டது, ஆகவே அங்கிருந்து வருகிறவர் தனக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருப்பதைக் காட்டினால்தான் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2017 அக்டோபர் 14 அன்று அதே மொகடிஷுவில், ஸோபே என்ற சாலைச் சந்திப்பில், ஒரு லாரிக் குண்டு வெடித்து 580 பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2022 அக்டோபரில், அதே சந்திப்பில் மறுபடியும் குண்டு வெடித்தது. நூறு பேருக்கு மேல் பலி. செத்தவர்களில் பெரும்பாலோரை யாரும் பெயர் சொல்லித் தேடி வரவில்லை; அந்த நேரத்தில் அந்தத் தெருவில் இருந்தார்கள், அவ்வளவுதான். "உன்னை மட்டும் ஏன் கொல்ல நினைக்கிறார்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால், தப்பி வந்த ஒருவர் என்ன பதில் சொல்வார்?

ஒருவர் அகதியாவதற்கு 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களைத்தான் சொல்கிறது. போர் அதில் இல்லை. இந்தக் குறையை முதலில் சரிசெய்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். நாட்டின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ பொது ஒழுங்கு கடுமையாகக் குலைந்து அதனால் ஓடி வருகிறவரும் அகதியே என்று 1969-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு எழுதி வைத்தது. கென்யா பல ஆண்டுகள் சோமாலியர்களை ஒவ்வொருவராக விசாரிக்காமல் மொத்தமாகவே அகதிகளாக ஏற்றது (2016-இல் அதை நிறுத்திவிட்டது, அது வேறு வருத்தம்). ஐரோப்பாவிலும் 2009-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஓர் இராக் தம்பதியின் வழக்கில் தெளிவாகச் சொன்னது: கண்மூடித்தனமான வன்முறை எவ்வளவு அதிகமோ, தனிப்பட்ட ஆபத்துக்கான ஆதாரம் அவ்வளவு குறைவாக இருந்தால் போதும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. மிகத் தீவிரமான நிலையில் பொதுவான வன்முறை ஒன்றே ஒருவரைத் திருப்பி அனுப்பாமலிருக்கப் போதுமான காரணமாகலாம் என்று ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-இல் சொன்னது, பிரிட்டனில் இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில். அந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துத்தான் 2011 ஜூனில் சூஃபி, எல்மி என்ற இரண்டு சோமாலியர்களின் வழக்கில் மொகடிஷு அப்படிப்பட்ட இடம் என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2013-இல், ஸ்வீடன் தொடர்பான வழக்கில் நிலைமை மேம்பட்டுவிட்டது என்றார்கள். முன்வரிசைப் போர் நகர்ந்தது உண்மைதான். அந்த நகரத்துக்குத் திரும்புகிற மனிதர் எங்கே போய்ப் படுப்பார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

2014-இல் பிரிட்டனின் குடியேற்றத் தீர்ப்பாயம் மொகடிஷு பற்றிக் கொடுத்த வழிகாட்டுத் தீர்ப்பைக் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். சாதாரணக் குடிமகன் திரும்பிப் போகலாம் என்பதுதான் அதன் பொதுப்போக்கு. ஆனாலும் நெருங்கிய குடும்பம் அங்கே இருக்கிறதா, குல ஆதரவு உண்டா, வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புவார்களா, பிழைப்புக்கு வழி உண்டா என்று ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்கிறது. இவை எதுவும் இல்லாதவர் போய்ச் சேரும் இடம் இடம்பெயர்ந்தோர் முகாம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. முகாம் என்றால் கந்தல் துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் போர்த்திய குடிசை. உதவிப் பொருளில் பங்கு பிடுங்கிக்கொள்ளும் இடைத்தரகர்கள். நிலத்துக்காரர் சொன்னால் ஒரே நாளில் காலி செய்ய வேண்டும். கணவனோ அண்ணன் தம்பியோ இல்லாத பெண் ராத்திரியில் கழிப்பறைக்குப் போகவே பயப்படுவாள். பான்டு, கபோயே போன்ற சிறுபான்மைச் சமூகத்தவர் என்றால் புகார் கொடுத்தாலும் பின்னால் நிற்கப் பெரிய குலம் கிடையாது.

அப்புறம், "பாதுகாப்பான பகுதி" என்ற பேச்சு. சோமாலியாவின் வடக்கே தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் சண்டை இல்லை என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். 2023 பிப்ரவரியில் லாஸ் அனோத் நகரில் சோமாலிலாந்துப் படைக்கும் தல்பஹந்தே குலத்தவருக்கும் போர் மூண்டது. நகரம் மாதக்கணக்கில் குண்டுவீச்சில் கிடந்தது, மருத்துவமனையும் தப்பவில்லை. சுமார் ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லை தாண்டி எத்தியோப்பியாவின் டோலோ பகுதிக்குப் போனார்கள். இந்த மக்களில் ஒருவர் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தால் "ஹர்கேய்ஸாவில் போய் இருக்கலாமே" என்று ஃபைலில் எழுதுவது சுலபம். யாருடைய படை அவருடைய ஊரைச் சுட்டதோ அந்த அரசின் தலைநகரம் ஹர்கேய்ஸா என்பதை அதே ஃபைலில் யாராவது எழுத வேண்டும்.

ஆதாரம் கேட்பதிலும் நியாயம் வேண்டும். 1991-இல் சியாத் பாரே அரசு விழுந்தபோது பதிவேடுகளும் போயின. அதற்குப் பிறகு கொடுக்கப்பட்ட பாஸ்போர்ட்டைப் பல ஐரோப்பிய நாடுகள் அடையாளச் சான்றாக ஏற்காமலே இருந்து வந்திருக்கின்றன. தேசிய அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியதே 2023-இல்தான். காகிதம் இல்லை என்பதால் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எந்த ஊர்க்காரர் என்று நிபுணர்களிடம் கேட்டார்கள். அந்த அறிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2014-இல் எச்சரித்திருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. எந்தக் குலம்? ஊர் போகும் சாலையில் எந்தெந்தச் சோதனைச் சாவடி யார் கையில்? கடை வைத்திருந்தால் அல்-ஷபாப்புக்கு வரி கட்டினாரா? கட்டினால் அரசு சந்தேகப்படும், கட்டாவிட்டால் உயிர் போகும். அல்-ஷபாப் படைக்குப் பிடித்துப் போகும் வயதில் மகன்கள் இருக்கிறார்களா? ஐ.நா. அகதிகள் ஆணையம் 2022 செப்டம்பரில் சோமாலியா பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படித்தான் ஒவ்வொரு வகையினருக்கும் உள்ள ஆபத்தைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கிறது. கட்டுரையின் அடுத்த பகுதி வருமுன் கட்டுரையாளர் அதைப் படிக்க வேண்டும் என்றும், முடிந்தால் ஒரு சோமாலியப் பெண்ணின் பேட்டியையும் அதோடு வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லண்டன்