அம்மா கேட்ட கணக்கு

தண்டையார்பேட்டை,
சென்னை - 81.

அன்புள்ள சேகர்,

இங்கு நலம். நான்கு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது தவறுதான். சென்ற மாதம் உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். எலும்பு முறிவு இல்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் படுத்திருந்தபோது, "அவன் கிளம்பினால் வந்து சேர எத்தனை நாள் ஆகும்பா?" என்று கேட்டார். "ஒரே நாள்தான் அம்மா" என்றேன். நீ எப்போதும் சொல்லும் பதில் அது. ஆனால் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

சென்னைக்கும் நீ இருக்கும் டொராண்டோவுக்கும் நேர்வழித் தொலைவு சுமார் 13,400 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கே போகத் தோன்றும். உருண்டையின் மேல் அளந்தால் அந்த மிகக் குறுகிய கோடு ஆர்க்டிக் பகுதியின் மேலாகச் செல்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து மணி நேரம். ஆனால் உனக்கு நேர் விமானம் இல்லை. லண்டன் வழியாக வந்தால் 5,700, பிறகு 8,200, ஆக 13,900 கிலோமீட்டர். தொலைவு ஐந்நூறுதான் கூடுகிறது. நேரத்தை விழுங்குவது தொலைவு அல்ல. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போவது, ஹீத்ரோவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது, மீனம்பாக்கத்தில் குடியேற்ற வரிசையில் நிற்பது, பெட்டி வருவது எல்லாம் சேர்ந்தால், எதுவும் தாமதமாகாத நாளில்கூட வாசலிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு மணி நேரத்துக்குக் குறையாது. அத்துடன் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரக் கடிகார வேறுபாடு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே ஏறினால் இங்கே இறங்குவது ஞாயிறு விடியற்காலையில். அம்மாவுக்குக் கடிகாரம் தெரியாது, சேகர். வெள்ளி, சனி, ஞாயிறு என்று கிழமைகளைத்தான் எண்ணுவார்.

ஒன்று மட்டும் எனக்கு மகிழ்ச்சி தந்தது. அட்லாண்டிக்கின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசுகிறது. லண்டனிலிருந்து டொராண்டோ போக எட்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து திரும்ப ஏழு மணி நேரமே போதும். நீ இங்கே வரும் வழியில்தான் காற்று உன் பின்னால் இருக்கிறது.

"கூப்பிட்டால் அடுத்த நாள் நிற்பேன்" என்று இனி என்னிடம் சொல்லாதே. அவசரம் வந்த பிறகு டிக்கெட் தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும். உன் அப்பா விஷயத்தில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து உன்னோடு போனில் பேசியது நான்தான்.

அம்மா நடக்கும்போதே வா. பொங்கலுக்கு முன் இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடியாதா? விமானம் விடிவதற்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. நான் வண்டியோடு வந்து நிற்கிறேன். ராஜாஜி சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.

தேதியை மட்டும் உடனே எழுது. அம்மா மறுபடி கேட்பார்.

உன்,
கோபி